பழைய வீட்டை இடிக்கலாமா?

குயிலாப்பாளையத்திலிருந்து சைக்கிளில் புறப்பட்டால் பெரிய முதலியார் சாவடி, கோட்டக்குப்பம் வழியாக ஒரு மணி நேரத்திற்குள் புதுச்சேரியை அடைந்துவிடலாம். தொலைவு ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர்தான். ஆனால் கோட்டக்குப்பத்தைத் தாண்டி முத்தியாலுப்பேட்டைக்குள் நுழையும்போது நாம் ஓர் எல்லையைக் கடக்கிறோம். இப்பக்கம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். அப்பக்கம் புதுச்சேரி ஒன்றியப் பகுதி.

ஒரே மாதிரியான இரண்டு பழைய வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் திண்ணை உண்டு, முற்றம் உண்டு, தேக்குமரத் தூணும் சுண்ணாம்புச் சுவரும் உண்டு. ஒன்று குயிலாப்பாளையத்தில் இருக்கிறது. மற்றொன்று புதுச்சேரியின் பழைய நகர்ப் பகுதியில் இருக்கிறது. இரு வீட்டுக்காரர்களுக்கும் ஒரே எண்ணம்: பழையதை இடித்துவிட்டு மாடி வீடு கட்டவேண்டும். கிராமத்துக்காரர் பெரும்பாலும் ஆள் வைத்து இடிக்கத் தொடங்கிவிடுவார். நகரத்துக்காரரோ, தம் வீடு மரபுக் கட்டடங்களின் பட்டியலில் இருந்தால், அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதன்பிறகு வல்லுநர் குழு ஒன்று அந்த வீட்டை ஆராயும்.

குழு எதை ஆராய்கிறது? “என் வீட்டை நான் இடிக்கக் கூடாதா?” என்று கேட்கும் மனிதருக்கு அது என்ன விடை சொல்ல முடியும்? இதில் சட்டம் மட்டுமல்ல, வேதியியலும் பொறியியலும்கூட உண்டு. அவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

இரண்டு கேள்விகள்

பழைய வீட்டைப் பற்றிப் பேசும்போது பலரும் இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். ‘இந்த வீடு காக்கத் தக்கதா?’ என்பது ஒரு கேள்வி. ‘இந்த வீடு நிற்கத் தக்கதா?’ என்பது வேறொரு கேள்வி. முதலாவது மதிப்பைப் பற்றியது. இரண்டாவது நிலையைப் பற்றியது.

சுவரில் விரிசல் கண்டவுடன், “இது உதவாது, இடித்துவிடலாம்” என்கிறோம். விரிசல் வீட்டின் நிலையைக் காட்டுமே தவிர அதன் மதிப்பைக் காட்டாது. அதேபோல் “இது நூறு வருஷத்து வீடு, தொடக்கூடாது” என்று சொல்வதும் முழுமையான விடையாகாது. தூண் உளுத்துக் கூரை தொங்கும் வீட்டில் மனிதர் குடியிருக்க முடியாது. ஆகவே இரு கேள்விகளையும் தனித்தனியே ஆராய்ந்து, பிறகே அவற்றைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யவேண்டும்.

வயதை அறிவது எப்படி?

மதிப்பைக் கணிக்க முதலில் வயது தெரியவேண்டும். இந்தியாவின் 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டம், நூறு ஆண்டுகளுக்குக் குறையாத சின்னங்களைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவித்துக் காக்க வழி செய்கிறது. அப்படிக் காக்கப்படுபவை நாடு முழுவதற்கும் சுமார் 3,700 மட்டுமே. கோயில்கள், கோட்டைகள், கல்லறைகள் போன்றவையே அவற்றில் மிகுதி. மக்கள் குடியிருக்கும் சாதாரண வீடுகள் இந்தச் சட்டத்தின் குடைக்குள் வருவது அரிது. அவற்றைக் காக்க நகர விதிகள்தாம் உண்டு.

வீட்டின் வயதுக்கு முதற் சான்று பத்திரம். பத்திரம் இல்லாவிடில் வீட்டையே கேட்கவேண்டும். செங்கல்லின் கனம் ஒரு குறிப்பு. பழைய செங்கற்கள் இன்றுள்ளவற்றைவிட மெல்லியவை. கூரை ஓடு மற்றொரு குறிப்பு. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். ஆகவே அதன் முத்திரை பதித்த ஓடு ஒரு வீட்டில் கிடைத்தால், அந்தக் கூரை 1865-க்கு முற்பட்டதல்ல என்று கூறலாம். ஆனால் வீடும் அதற்கு முற்பட்டதல்ல என்று கூறிவிட முடியாது. கூரையை மட்டும் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாம் அல்லவா? ஒரு பொருளின் வயது அந்தப் பொருளின் வயதே அன்றி வீட்டின் வயதன்று.

கார்பன்-14 முறையைக் கொண்டு மரத்தூணின் வயதைக் கண்டுபிடிக்கலாமே என்று மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஆனால் ஏறத்தாழக் கடந்த முந்நூறு ஆண்டுகளுக்கு இம்முறை தெளிவான விடை தருவதில்லை. காற்றிலுள்ள கதிரியக்கக் கார்பனின் அளவு இக்காலத்தில் சீராக இல்லை. ஞாயிற்றின் செயலில் ஏற்பட்ட மாறுதல்களும், நிலக்கரி எரித்த புகையும் கணக்கைக் குழப்பிவிடுகின்றன. அன்றியும், பழைய வீட்டுத் தூணைப் புது வீட்டில் வைத்துக் கட்டும் வழக்கம் நம் நாட்டில் மிகுதி. மரம் வயதானது என்பதற்காக வீடும் வயதானது என்று சொல்ல இயலாது.

சில வேளைகளில் வரலாறே உதவிக்கு வருகிறது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். எனவே இன்று அந்நகரில் நாம் காணும் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிற்பட்டவை என்பது திண்ணம்.

மதிப்பை அளப்பது எப்படி?

வயது ஒன்றே மதிப்பாகிவிடாது. ஒரு வீட்டின் மதிப்பைக் கணிப்போர் வேறு பலவற்றையும் பார்க்கிறார்கள். கட்டட அமைப்பில் சிறப்பு உண்டா? வரலாற்றில் இடம்பெற்ற மனிதரோ நிகழ்ச்சியோ அதனுடன் தொடர்புடையவரா? அத்தகைய வீடுகள் இன்னும் எத்தனை எஞ்சியுள்ளன? அந்த வீடு இல்லாமற்போனால் தெருவின் அழகு என்னவாகும்?

கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. புதுச்சேரியில் தமிழர் வாழ்ந்த பகுதியில் வீடுகளின் முன்னே தெருவை ஒட்டித் தாழ்வாரம் இறக்கி, மரத்தூண் நிறுத்தி, ஓடு வேய்ந்திருப்பார்கள். அதை அடுத்துத் திண்ணை. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காக ஏற்பட்டது அந்தத் தாழ்வாரம். பல வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் முறையிலும், மேல்தளம் வளைவுச் சன்னல்களுடன் பிரெஞ்சு முறையிலும் அமைந்திருக்கும். ஒரு தெருவில் இத்தகைய இருபது வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நின்றால்தான் தாழ்வாரம் தொடர்ச்சியாக இருக்கும். நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் பல் விழுந்த வாய்போலாகிவிடும். தனியே பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும் வீடும் தெருவோடு சேர்த்துப் பார்க்கும்போது மதிப்புப் பெறுகிறது.

இந்த மதிப்பைத் தர வரிசையாகப் பிரித்து, நாட்டிலேயே முதன்முதலாக விதி வகுத்த மாநகர் பம்பாய். அங்கே 1995-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் கட்டடங்களை மூன்று தரங்களாகப் பிரித்தன. முதல் தரம்: நாட்டளவில் சிறப்புடையவை, இன்றியமையாத பழுதுபார்ப்பைத் தவிர வேறு மாற்றம் கூடாது. இரண்டாம் தரம்: வட்டார அளவில் சிறப்புடையவை; உள்ளே அளவான மாறுதல்கள் செய்துகொள்ளலாம். மூன்றாம் தரம்: தெருவின் தோற்றத்திற்குத் துணை நிற்பவை, சுற்றுப்புறத்தோடு இசைந்திருக்குமாறு மாற்றம் செய்யலாம். பிற நகரங்களும் இம்முறையைப் பின்பற்றலாயின. ‘மரபுக் கட்டடம் என்று எழுதிவிட்டால் ஆணிகூட அடிக்கமுடியாது’ என்று மக்கள் அஞ்சுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும். பட்டியலிலுள்ள பெரும்பாலான வீடுகளில் சமையலறையைத் திருத்தலாம், குளியலறை கட்டலாம், மின்சாரக் கம்பி இழுக்கலாம்.

சுவரின் நாடி

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். வீடு நிற்குமா, நிற்காதா?

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் பொறியியலாளர் விரிசலைப் பார்க்கிறார். விரிசல் எல்லாம் ஒன்றல்ல. காரை மட்டும் வெடித்த மயிரிழை விரிசல் உண்டு, அதனால் தீங்கில்லை. செங்கல் வரிசைகளினூடே படிக்கட்டுபோல் சாய்வாக ஏறும் விரிசல் உண்டு. அடித்தளத்தின் ஒரு பகுதி தாழ்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தால் நிலைமை கவலைக்குரியது. கொத்தனாரின் தூக்குக்குண்டே இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விரிசல் எவ்வளவு பெரிது என்பதைவிட, அது வளர்கிறதா என்பதே முக்கியம். இதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே வைத்து இருமுனைகளையும் சாந்தினால் ஒட்டிவிடுவார்கள். அதன்மேல் தேதியையும் எழுதிவைப்பார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்தபின்னும் கண்ணாடி முழுதாயிருந்தால், அந்த விரிசல் என்றோ ஏற்பட்டு ஆறிப்போன புண் என்று கொள்ளலாம்.

அடுத்தது ஈரம். இங்கே சுண்ணாம்பின் வேதியியல் தெரிந்திருக்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுமார் 900 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்தில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறிக் கால்சியம் ஆக்சைடு எஞ்சும். அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். மணலுடன் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிடுகிறது. இவ்வாறு உண்டான சாந்தில் நுண்ணிய துளைகள் ஏராளம். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் இந்தத் துளைகளின் வழியே ஆவியாகி வெளியேறிவிடும்.

இத்தகைய சுவரின்மேல் ‘உறுதிக்காக’ச் சிமெண்டு பூசினால் என்ன ஆகும்? சிமெண்டுப் பூச்சு ஈரத்தை எளிதில் வெளியே விடாது. வெளியேற வழியின்றி ஈரம் சுவருக்குள்ளேயே மேலும் உயரும். கடலோர ஊரில் ஈரத்தோடு உப்பும் ஏறும். உப்பு பூச்சின் பின்னால் படிகமாக உறைந்து விரியும்போது செங்கல்லின் மேற்பரப்பே பொடிந்து உதிரும். சில ஆண்டுகளில் சிமெண்டு, செங்கல் தூளையும் சேர்த்துக்கொண்டு பாளமாக விழும். “பார்த்தீர்களா, பழைய சுவர் இற்றுப்போயிற்று” என்று நாம் சொல்கிறோம். உண்மையில் நோய் பழமையன்று. நாம் கொடுத்த மருந்தே நோயாயிற்று.

மாடியும் அப்படியே. பழைய மாடிகளில் தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். இதையே மெட்ராஸ் டெரஸ் என்பது. இதில் முதலில் கெடுவது கட்டையின் முனை. சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதி. அங்கே ஈரமும் கரையானும் சேரும். கட்டையைச் சுத்தியால் தட்டிப் பார்த்தாலே உள்ளே பொள்ளலா, திண்மையா என்பது ஓசையில் தெரியும். முனை மட்டும் கெட்டிருந்தால் அதை வெட்டி எடுத்து நல்ல மரத்தை இணைக்கலாம். ஒரு முனைக்காக முழு மாடியையும் இடிப்பது, பல்வலிக்குத் தலையை வாங்குவது போலாகும்.

இத்தனை கேட்டிற்கும் மூலம் எது என்று தேடினால் பெரும்பாலும் மிக அற்பமான ஒன்றாக இருக்கும்: அடைத்துப்போன மழைநீர்க் குழாய், கைப்பிடிச் சுவரில் காக்கை விதைத்த அரசங்கன்று, நழுவிய நான்கு ஓடுகள்.

ஒரு கட்டடம் சொன்ன பாடம்

மூலத்தைக் கவனியாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரி மக்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். கடற்கரைச் சாலையில் 1870-71-இல் கட்டப்பட்ட மேரி என்னும் நகரமன்றக் கட்டடம் நின்றது. அதன் மதிப்பைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. அதை இடிக்கவேண்டும் என்று யாரும் முடிவு செய்யவும் இல்லை. பழுதுபார்க்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே, 2014 நவம்பர் இறுதியில், மழைக்குப் பின் அது தானாகவே சரிந்து விழுந்தது. பின்னர் அதே இடத்தில் அதே தோற்றத்தில் புதிய கட்டடம் எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. செலவு சுமார் 15 கோடி ரூபாய். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பழைய கட்டடத்தின் உருவம். பழைய கட்டடம் அன்று.

இடிக்க அனுமதி மறுப்பது மட்டும் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றிவிடாது என்பதே இதன் பாடம். அனுமதி மறுக்கப்பட்ட வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால், ஐந்தாறு மழைக்காலங்களில் மழையே அதை இடித்து முடித்துவிடும்.

செலவு யாருடையது?

இங்கேதான் மூன்றாம் கேள்வி எழுகிறது. வீட்டுக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். தாத்தா கட்டிய வீட்டில் இன்று நான்கு பங்காளிகள். மனை விலையோ ஏறிக்கொண்டே போகிறது. அடுக்குமாடி கட்டினால் நால்வருக்கும் ஆளுக்கொரு வீடு. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் கூலி அதிகம். தெருவின் அழகு ஊருக்குப் பொது. பழுதுபார்க்கும் செலவு மட்டும் அவருக்குத் தனி. இது நியாயமா என்று அவர் கேட்டால் அதை அலட்சியம் செய்ய முடியாது.

நியூயார்க் நகரில் 1963-இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தின் பெருங்கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது மக்கள் கொதித்தனர். அதன் விளைவாக 1965-இல் மரபுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பின்னர் அதே நகரின் மற்றொரு ரயில் நிலையத்தின்மேல் பல மாடி எழுப்ப அனுமதி மறுக்கப்பட்டு, வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. அனுமதி மறுத்தது சரியே என்று 1978-இல் தீர்ப்பாயிற்று. அந்த மனையில் கட்ட முடியாத மாடிகளை அருகிலுள்ள வேறு மனைகளில் கட்டிக்கொள்ளும் உரிமை உடைமையாளருக்கு இருந்ததை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. அந்த உரிமையை விற்கவும் செய்யலாம். இந்திய நகரங்கள் சிலவற்றின் விதிகளிலும் இம்முறை இடம்பெற்றுள்ளது.

புதுச்சேரி வேறொரு வழியையும் கண்டது. 1984-இல் தோன்றிய இன்டாக் என்னும் மரபுக் காப்பு அமைப்பு, 1990-களின் நடுவில் அங்கே சுமார் 1,800 கட்டடங்களைப் பட்டியலிட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அவற்றுள் பாதிக்கு மேல் மறைந்து போயின. பட்டியல் போட்டால் மட்டும் போதாது என்பது தெளிவாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் வைசியாள் தெருவில் ஒரு முயற்சி நடந்தது. வீடுகளின் முகப்புகளும் தாழ்வாரங்களும் செப்பனிடப்பட்டன. செலவின் ஒரு பங்கைத் திட்டம் ஏற்றது, மறு பங்கை வீட்டுக்காரர்கள் ஏற்றனர். அந்தத் தெருவுக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. புதுச்சேரியில் தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறித் தம் செலவைத் தாமே தேடிக்கொண்ட பழைய வீடுகளும் பல.

தமிழ்நாட்டில் இக்கேள்வி நீதிமன்றத்திற்கும் சென்றது. சென்னை அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது இன்டாக் வழக்குத் தொடுத்தது. இடிக்கக்கூடாது என்று 2010-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரபுக் கட்டடங்களுக்கென ஓர் ஆணையம் அமைக்கும் சட்டத்தை 2012-இல் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆனால் அச்சட்டம் நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்குமேல் ஆயிற்று.

முடிவு செய்யும் முறை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால், இடிப்பதா வேண்டாமா என்பதற்கு ஓர் ஒழுங்குமுறை கிடைக்கிறது. முதலில், வீட்டின் நிலையை மறந்துவிட்டு அதன் மதிப்பை மட்டும் கணிக்கவேண்டும். இரண்டாவது, மதிப்பை மறந்துவிட்டு நிலையை மட்டும் சோதிக்கவேண்டும். விரிசலையும் ஈரத்தையும் கண்டால் அவற்றின் மூலத்தையும் காணவேண்டும். மூன்றாவது, பழுதுபார்க்க ஆகும் செலவையும், அதை யார் ஏற்பது என்பதையும் பேசித் தீர்க்கவேண்டும். மதிப்பு மிகுந்து, பழுது தீர்க்கக்கூடியதாக இருந்தால் அனுமதி மறுப்பது நியாயம். ஆனால் மறுப்போடு உதவியும் சேரவேண்டும். மதிப்புக் குறைந்து, பழுது மிகுந்திருந்தால் அனுமதி தருவதே நியாயம்.

இரண்டும் மிகுந்திருக்கும் வீடுகளே சிக்கலானவை. அங்கே முகப்பையும் தாழ்வாரத்தையும் காத்து, பின்கட்டைப் புதிதாகக் கட்டிக்கொள்வது ஒரு வழி. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செய்ததுபோல், பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்து வேறிடத்தில் நிறுத்துவது மற்றொரு வழி. ஆனால் இது கடைசி வழி. தெருவை இழந்த வீடு பாதி வீடுதான்.

மீண்டும் குயிலாப்பாளையத்து வீட்டுக்கு வருவோம். அது எந்தப் பட்டியலிலும் இல்லை. அதை ஆராய எந்தக் குழுவும் வரப்போவதில்லை. அங்கே வீட்டுக்காரரே குழு, அவரே நீதிபதி. அவருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: கடப்பாரையை எடுக்குமுன் ஒரு மழைக்காலம் பொறுத்திருங்கள். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிப் பாருங்கள். மழைநீர் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துக் கேளுங்கள். அதற்குப் பின்னும் இடிக்கத்தான் வேண்டும் என்றால் இடியுங்கள்.

மாணவர்களுக்கும் இதில் வேலை உண்டு. உங்கள் ஊரில் ஒரு பழைய வீடு இடிபடப் போகிறது என்று தெரிந்தால், அனுமதி பெற்று, அளவுநாடாவும் தாளும் எடுத்துக்கொண்டு போங்கள். அறைகளை அளந்து வரைபடம் தீட்டுங்கள். செங்கல்லின் நீள, அகல, கனத்தைக் குறியுங்கள். ஓட்டில் முத்திரை இருந்தால் படியெடுங்கள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பாட்டி ஒருவர் இருந்தால், எந்த அறை எதற்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் இந்த வேலை, வீடு போனபிறகு எவராலும் செய்யமுடியாத வேலை.